சண்டை இல்லாத வட்டை

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது நல்லது. ஆரையம்பதியில் களப்போரம், அதாவது மட்டக்களப்பு வாவிக் கரையில், மீன் விற்கும் பெண்களைக் ‘குரலற்றவர்கள்’ என்று எழுதி, அவர்களை ஆராய வெளிநாட்டில் நிதி கேட்டவன் நான். எழுதியபோது அந்தச் சந்தைப் பக்கம் நான் போனதே இல்லை. எங்கள் வீட்டில் மீன் வாங்குவது மனைவி. சாப்பிடுவது மட்டும்தான் என் துறை.

கேட்டதோடு போயிருக்கலாம். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் களத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த நிறுவனம் ஒரு வெள்ளைக்கார அம்மாவை அனுப்பிவிட்டது. என் ஆங்கிலம் எழுத்தில் ஓடும், வாயில் நொண்டும். ஆகவே மொழிபெயர்ப்பதற்கு, பக்கத்து மேசையில் இருந்த விரிவுரையாளர் அக்காவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன்.

இறங்கி நின்றதுமே, இறால் கூறு போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“டேய் மனே, காலை எடு! ஆருடா நீ? சப்பாத்தோட வந்து என்ட சாக்குல நிக்கிறாய்?”

“போன முறை வந்தவங்களும் படம் எடுத்தவங்க. ஐஸ் பெட்டி தாறம் எண்டவங்க. பெட்டி எங்க மனே?” என்றார் அடுத்தவர்.

“இவன் எழுதப்போறானாம். நல்லா எழுது. இந்த வெயிலுக்க ஒரு பொழுது இருந்து பாத்திட்டு எழுது!”

சந்தையே எழும்பிவிட்டது. காகங்கள்கூடக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன. வெள்ளைக்கார அம்மா, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, தங்கள் வேதனையைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று சொல்லும்படி அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அக்கா என் கண்ணைப் பார்த்தார். பிறகு, “இவர் யார் என்று கேட்கிறார்கள். சாக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்கிறார்கள். முன்னர் வந்தவர்கள் தருவதாகச் சொன்ன ஐஸ் பெட்டி எங்கே என்று கேட்கிறார்கள்” என்று கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த அம்மா கையிலிருந்த என் முன்மொழிவைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அங்கே குரலற்று நின்றது யார் என்பதில் அப்போது எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது, “ஒரு சொல்லு மாத்திச் சொல்லியிருக்கலாமேக்கா?” என்றேன்.

“அவங்க சொல்லாததை நான் எப்பிடித் தம்பி சொல்றது?” என்றார். அவர் கையில் ஒரு பை இறால் இருந்தது. எனக்கு நிதி போன இடத்தில் அவருக்குக் கறி கிடைத்திருந்தது.

இந்த அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. போட்டால், ‘இதில் இருக்கிறது நான்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்பார்.

நாங்கள் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளர்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இதுதான்: குறித்த காலத்துக்குள் கலாநிதிப் பட்டத்தோடு வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வீடு. கலாநிதிப் பட்டம் எடுக்கக் காசு வேண்டும். காசு வேண்டுமானால் புலமைப்பரிசில் தேட வேண்டும். ஆகவே நாங்கள் படிப்பித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம். காலையில் பல் தீட்டும்போதே ஒரு கையில் தொலைபேசி. எந்த நாட்டில் எந்த நிறுவனம் எதற்குக் காசு கொடுக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு, எங்கள் பாடம் எங்களுக்குத் தெரியாது. எனக்கு என்று திருத்தி வாசியுங்கள். அக்காவுக்குப் பாடம் நன்றாகத் தெரியும்.

விண்ணப்பம் கோரும் அழைப்பு ஒன்று வந்தால் நான் மேலேயிருந்து வாசிப்பேன். மேலே நல்ல நல்ல வார்த்தைகளாக இருக்கும். அங்கேயே மனம் நிறைந்து விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிடுவேன். அக்கா கீழேயிருந்து வாசிப்பார். “மேல வரச் சொல்றது, கீழதான் போகச் சொல்றது. போகச் சொல்ற இடத்தை முதல் பாக்கணும்” என்பார். அது உண்மைதான். வயதெல்லை, பட்டம் பெற்ற ஆண்டு, எந்தெந்த நாட்டுக்காரருக்கு இல்லை என்பதெல்லாம் கீழேதான் பதுங்கியிருக்கும். அநேகமான அழைப்புகளின் கடைசி வரி ஒன்றேதான்: விண்ணப்பிப்பவர் பல்கலைக்கழகம் ஒன்றில் பதவி வகிப்பவராக இருக்க வேண்டும். நான் ஒருமுறை உருகி உருகி எழுதி அனுப்பிய ஒரு விண்ணப்பம், பெண் ஆய்வாளர்களுக்கு மட்டுமானது. நேர்காணலுக்கும் தெரிவாகிவிட்டேன். காணொளியில் என் மீசை தெரிந்ததும் அந்தப் பக்கம் நிலவிய மௌனத்தை என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுவாள்.

நிதி நிறுவனங்களைப் பற்றி அக்காவிடம் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசினால் முதலில் தாய்வழிக் குடி பார்ப்பார்கள்; ஒரே குடிக்குள் செய்யமாட்டார்கள். “இவங்களுக்கும் குடி இரிக்கு தம்பி. இந்த நிறுவனமும் அந்த நிறுவனமும் ஒரு தாய்ப் புள்ளையள். அவங்க வேணாம் எண்டத இவங்களும் தொடமாட்டாங்க. வேற குடியாப் பாருங்க” என்பார். சம்பந்தம் பேசும் பெரியம்மா போல எல்லோருக்கும் தேடிக் கொடுப்பார். எனக்குக் கடைசியில் கிடைத்த புலமைப்பரிசிலும் அவர் பார்த்துச் சொன்ன சம்பந்தம்தான்.

ஆனால் அவரிடம் முன்மொழிவை வாசிக்கக் கொடுப்பது லேசான காரியம் அல்ல. கன்டீனில் பிளேன்டீயை ஆறவிட்டு, பென்சிலை எடுப்பார். ஒரு சொல்லின் கீழே மெல்லக் கோடு இழுப்பார். “பாத்தீங்களா?” என்பார். நாம் எழுதியதை நாம் கண்ணால் கண்டோமா என்பது கேள்வி. அவ்வளவுதான். திட்டமாட்டார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பீடத்தில் பாதிப் பேர் அவரைக் கண்டால் வேறு வாசலால் போவார்கள்.

‘மட்டக்களப்பு வாவி மரணித்துக்கொண்டிருக்கிறது’ என்று நான் தொடங்கிய ஒரு முன்மொழிவை அவர் வாசித்தது நினைவிருக்கிறது. அது என் வழக்கமான தொடக்கம். எத்தனையோ நிறுவனங்களுக்காக நான் வாவியைக் கொன்றிருக்கிறேன். கோடு இழுத்தார்.

“பாத்தீங்களா?”

“எல்லாரும் அப்பிடித்தானேக்கா எழுதுறாங்க?”

“அதுக்கு நோய் வருத்தம் இரிக்கு. ஓம். அப்ப என்ன வருத்தம் எண்டு எழுதுங்க. செத்த வீடு எண்டு ஆக்களக் கூப்பிட்டிட்டு, அவங்க வரக்குள்ள பொணம் எழும்பி இருந்தா என்ன செய்யிற?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவை எல்லாம் அவருக்குத் தெரியாமல் வந்துவிடுகிறவை.

அவருடைய சொந்த ஆராய்ச்சிதான் அவருக்கு வினை. களப்பின் மேற்கே படுவான்கரையில் ஒரு வட்டை. வட்டை என்றால் வாய்க்கால் ஒன்றை நம்பி ஒன்றாகக் கிடக்கும் வயல்வெளி. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் அளவாகத்தான் வரும். சுற்றியுள்ள வட்டைகளில் அதற்காக மண்வெட்டி தூக்குவார்கள், பொலிஸுக்குப் போவார்கள். இந்த வட்டையில் மட்டும் சண்டை இல்லை. ஏன் இல்லை? இதுதான் அக்காவின் கேள்வி. அவர் கண்டுபிடித்த வரைக்கும், அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையாருடைய வயலுக்குத்தான் கடைசியாகத் தண்ணீர். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு. ஆகவே எவருக்கும் தாமதம் ஆக அவர் விடமாட்டார். அது மட்டும்தான் காரணமா, வேறும் உண்டா என்று பார்க்க வேண்டும் என்றார் அக்கா.

எனக்குக் கேட்டதும் பிடித்துப்போனது. உலகத்தில் எந்த நிறுவனத்துக்கும் பிடிக்கவில்லை. எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர், தலையில் கைவைத்துவிட்டார்.

“மிஸ், பிரச்சினை இல்லாத இடத்துக்கு ஆரு காசு தாற? ஒரு சுனாமியப் போடுங்க.”

“சுனாமி அவடத்துக்கு வரல்ல சேர்.”

“அப்ப யுத்தத்தப் போடுங்க.”

“யுத்தம் வந்ததுதான். ஆனா அந்த நேரமும் தண்ணி பங்கிட்டிரிக்காங்க. அதத்தான் சொல்றன்.”

“ஒரு வெள்ளமாவது போடுங்க மிஸ்! உங்கட காலம் முடியப்போகுது!”

அது பயமுறுத்தல் அல்ல. அக்காவுக்குக் கொடுத்த தவணை முடிந்து, நீட்டித்த தவணையும் முடியும் தறுவாயில் இருந்தது. அந்த வருடத்துக்குள் ஒரு புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால் வேலை இல்லை. வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான். தாயாருக்கு மருந்து, தம்பிக்குப் படிப்பு. இதை அவர் சொல்லவில்லை. அவருடைய ஊரான களுவாஞ்சிக்குடியில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

ஒரு நிறுவனம் நேர்காணல் வரைக்கும் கூப்பிட்டது. காணொளி நேர்காணல். தொழில்நுட்ப உதவிக்கு நான். அதாவது மின்சாரம் போனால் தலையில் கைவைப்பதற்கு. நல்லவேளை, போகவில்லை. திரையில் மூன்று பேர் சிரித்த முகத்தோடு இருந்தார்கள்.

“உங்கள் ஆய்வு தீர்க்கப்போகும் முரண்பாடு எது?” என்றார் நடுவில் இருந்தவர்.

“முரண்பாடு இல்லை. ஏன் இல்லை என்று பார்க்கப்போகிறேன்” என்றார் அக்கா.

“சரி. உங்கள் ஆய்வால் அந்த மக்களின் வாழ்வில் என்ன மாறும்?”

அக்கா யோசித்தார். அவர் யோசித்தால் உண்மையாகவே யோசிப்பார், அதுதான் ஆபத்து. கமெராவுக்குத் தெரியாமல் நான் சுவரோரம் நின்று, காலநிலை மாற்றம் என்பதைக் கையால் காட்டினேன். சூரியன், வியர்வை, வெடித்த நிலம். மூச்சிரைக்க நடித்தேன்.

“ஒன்றும் மாறக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்” என்றார் அவர்.

கடும் போட்டி நிலவியதாகவும் தெரிவுசெய்ய முடியாமைக்கு வருந்துவதாகவும் பதில் வந்தது. வருத்தத்தை எல்லா நிறுவனமும் ஒரே சொல்லால்தான் சொல்லும். அதுவும் ஒரு குடிதான் போல.

கடைசியாக ஒரு அழைப்பு மிஞ்சியது. தலைப்பே ‘நீர்த் தகராறுகள்’. களத்தைக் காட்டும் சிறிய காணொளி ஒன்றும் அனுப்ப வேண்டும். “ஒரு சொல்லுத்தானேக்கா, தகராறு எண்டு போடுங்க. காசு வந்தாப் பிறகு உங்கட விருப்பத்துக்கு எழுதுங்க” என்றேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “வாங்க, போய்ப் பாப்பம்” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே எனக்குப் பெரிது.

குருக்கள்மடத்தில் பாதை ஏறினோம். களப்பைக் கடக்கும் மிதவைப் படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அவர் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கரையில் வட்டைக்குப் போனபோது விதானையார் வாய்க்கால் கட்டின் மேல் இருந்தார். கூடவே வயல் செய்யும் கமக்காரர்கள் நாலைந்து பேர்.

“என்ன புள்ள, முகம் வாடிக் கிடக்கு?” என்றார் விதானையார்.

வேறு யாராக இருந்தாலும் வெயில் என்று சொல்லியிருப்பார்கள். அக்கா உள்ளதைச் சொன்னார். இங்கே சண்டை இல்லை என்றால் காசு தரமாட்டார்களாம், காசு இல்லை என்றால் வேலை போய்விடும்.

வட்டை கொஞ்ச நேரம் யோசித்தது.

“இவ்வளவுதானா?” என்றார் விதானையார். “சண்டைதானே வேணும்? பிடிச்சாப் போச்சு. டேய் கணவதி, தங்கராசா, எழும்புங்கடா. புள்ளைக்கு ஒரு சண்டை பிடிச்சுக் காட்டுங்க. தம்பி, நீங்க படத்த எடுங்க.”

அக்கா வேண்டாம் என்று கையை உயர்த்துவதற்குள் கணவதி சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார். நான் தொலைபேசியைத் தூக்கிவிட்டேன்.

“டேய் தங்கராசா! ஏன்டா என்ட தண்ணிய மறிச்ச நீ?” என்றார் கணவதி, மேடை நாடகம் போல.

“மறிச்சனான்தான். என்ன செய்வாய்?” என்ற தங்கராசா சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பினார்.

“சிரிக்காதடா! அவங்க காசு தரமாட்டாங்க!” என்றார் விதானையார்.

மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை நன்றாக வந்தது. தங்கராசாவுக்கு உரு ஏறிவிட்டது. மண்வெட்டியை நிலத்தில் குத்தினார். “உன்ட குடும்பத்துக்குத் தண்ணியப் பத்திக் கதைக்க வாய் இரிக்கா? உன்ட அப்பன்தானேடா, எங்கட அப்பா வருத்தமாக் கிடக்கக்குள்ள களவா மடைய வெட்டி விட்டவன்!”

ஒருவரும் சிரிக்கவில்லை.

கணவதியின் முகம் மாறியது. “அத இப்ப என்னத்துக்கு எடுக்கிறாய்?” என்றார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. என் தொலைபேசி ஓடிக்கொண்டே இருந்தது. மடையன் நான், இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் முகம் தெளிவாக விழும் என்றுகூட நினைத்தேன்.

அக்கா வரம்பிலிருந்து இறங்கி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றார். சேற்றில் செருப்பு புதைந்தது. “காணும். போதும். நான் சண்டை கேக்க வரல்ல” என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது பாதையின் ஓரத்தில் குனிந்து அவர் செருப்புச் சேற்றைக் கழுவினார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“வீடியோ நல்லா வந்திரிக்குக்கா. உண்மையான சண்டை மாதிரியே இரிக்கு.”

“உண்மையான சண்டைதான் தம்பி. நாமதான் எடுத்துக் குடுத்தம். அழிங்க.”

“அக்கா, வேலை…”

“அழிங்க.”

அழித்தேன். அவர் களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்குத் தங்கராசாட முறை. கணவதிட வயலுக்கால வாற தண்ணி. விடுவானோ தெரியா” என்றார். விண்ணப்பம் முடிகிற நாளும் அதுதான். எனக்கு அந்தக் கவலை. அவருக்கு இந்தக் கவலை.

மறுநாள் காலையிலேயே தனியாகப் போய்விட்டார். பின்னேரம் துறைக்கு வந்தபோது கால் முழுக்கச் சேறு, முகம் தெளிந்திருந்தது. “கணவதி தானே வந்து மடையத் திறந்துவிட்டான். ரெண்டு பேரும் கதைக்கல்ல. ஆனா தண்ணி போயிட்டு” என்றார். பிறகு உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பினார். தலைப்பு: ‘சண்டை இல்லாத ஒரு வட்டை’. நீர்த் தகராறுகளுக்கு நிதி தருகிறவர்களுக்கு. காணொளிக்கு ஓடுகிற தண்ணீரை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தார்.

முடிவை நான் சொல்லத் தேவையில்லை.

அவர் வேலையை விட்டுப் போன நாளில் துறைத் தலைவர் கேக் வாங்கினார். அக்கா மேசையைத் துடைத்தார், பென்சிலை என்னிடம் தந்தார். நான் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்து, உங்களைப் போல ஒருவரை இந்தப் பல்கலைக்கழகம் இனிக் காணாது என்றேன். என்னைப் பார்த்தார். “பாத்தீங்களா?” என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேக்கை எடுத்துக்கொண்டார்.

இப்போது அவர் பதவி எதுவும் இல்லாமல் களுவாஞ்சிக்குடியில் உயர்தர மாணவர்களுக்குத் தனியார் வகுப்பு எடுக்கிறார். வகுப்பில்லாத நாட்களில் பாதை ஏறி அக்கரைக்குப் போகிறார். ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் காசு தரவில்லை, ஆகவே யாருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டியதும் இல்லை. நான் கலாநிதியாகிவிட்டேன். என் ஆய்வேட்டை முழுதாக வாசித்தவர்கள் நானும் பரிசோதகர்களும்தான். பரிசோதகர்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அக்காவுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். இன்னும் அபிப்பிராயம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு அவ்வளவு துணிவில்லை.

போன கிழமை ஒரு புதிய அழைப்பு வந்தது. உலகம் தகராறுகளில் களைத்துப்போய்விட்டது போல. இப்போது வேறு மோஸ்தர். ‘பூசலின்றி வளங்களைப் பகிரும் சமூகங்கள்: அவர்கள் எப்படி இதைச் சாதிக்கிறார்கள்?’ என்பது தலைப்பு. வாசித்ததும் நான் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் உருண்டு போய் அலுமாரியில் மோதியது. அக்காவின் கேள்வி, ஏறக்குறைய அக்காவின் சொற்களிலேயே. உடனே வட்ஸ்அப்பில் அனுப்பினேன். “அக்கா! கடைசியா உங்கட வட்டையத் தேடி வந்திட்டாங்க! வயதெல்லைகூட இல்ல போல கிடக்கு. இண்டைக்கே எழுதத் தொடங்குங்க. ஒரு சொல்லும் மாத்தத் தேவல்ல!” என்று எழுதி, கைதட்டுகிற படங்களையும் வரிசையாகப் போட்டேன்.

சிறுபோகக் காலம். வட்டையில் நிற்பார், அங்கே சிக்னலும் சரியில்லை. நான் அதற்குள் அவருக்கு நிதி கிடைத்து, மாலை போட்டு, துறைத் தலைவர் மறுபடி கேக் வாங்குவதுவரை வந்துவிட்டேன். பின்னேரம் பதில் வந்தது.

“கீழ இருந்து வாசிங்க தம்பி.”